உடனடிக்கு மேலே ஒரு சொல்

புதிய துணை இயக்குநர் பொறுப்பேற்ற மூன்றாவது வாரத்தில், குடிநீர் வழங்கல் துறையின் தலைமை அலுவலகத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல் வந்து சேர்ந்தது. அந்த வாரம் நாற்பத்தொரு தெருக்களுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. சொல் மட்டும் தடையில்லாமல் வந்துவிட்டது.

கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் அவரே போய் அதை எழுதினார். ஃபோர்த்வித். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, தன் பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். அடியில் ஒரு கோடு போட்டார். கோடு கோணலாகப் போய்விட்டது. அழித்துவிட்டு இன்னொன்று போட்டார். அதுவும் கோணல்தான்.

“இம்மீடியட்னா என்ன?” என்று கேட்டார்.

முன்வரிசையிலிருந்து அவருடைய சுருக்கெழுத்தர், “உடனே, சார்” என்றார்.

“கரெக்ட். ஃபோர்த்வித்னா?”

சுருக்கெழுத்தர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்.

“உடனே இல்ல! உடனேக்கும் முன்னாடி. நான் சொல்லி வாய மூடறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கணும். நடுவுல காத்துகூட நுழையக் கூடாது. அதான் ஃபோர்த்வித்.”

“காத்து நுழையலன்னா மூச்சு முட்டிடுமே” என்று கடைசி வரிசையில் ஒரு குரல் முணுமுணுத்தது. பணியாளர் பிரிவு எழுத்தரின் குரல் அது. எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் நகர்த்தமாட்டார் என்பதால் அவருக்கு ஆமையண்ணன் என்று பெயர். கூப்பிட்டால் கோபிக்கவும் மாட்டார். தலையை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபாலக்கா சிரிக்கவில்லை. அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தபால் பிரிவின் பொறுப்பு இருபத்திரண்டு வருடமாக அவளுடையது. அந்தக் கட்டடத்துக்குள் வரும் ஒவ்வொரு காகிதமும் முதலில் அவள் கையில் விழும். எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, எந்தப் பிரிவுக்கு என்று ஒரு நொடியில் பிரித்து எறிவாள். ஆகவே அந்தச் சொல் அவளுக்குப் புதிது இல்லை. நீதிமன்ற ஆணைகளிலும் பழைய விதிமுறைப் புத்தகங்களிலும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தாமதமின்றி, அப்போதே என்று அர்த்தம். அவ்வளவுதான். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்லும் சொல். சாப்பாட்டு மேசையில் யாரும் உப்பை ஃபோர்த்வித் நகர்த்தச் சொல்வதில்லை.

இந்த மனிதருக்கு அது எங்கே கிடைத்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், ஒரு குடியிருப்புக்குத் தண்ணீரை நிறுத்திவிட்ட வழக்கில், ‘ஃபோர்த்வித் இணைப்பைத் திருப்பித் தர வேண்டும்’ என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை வந்த அன்று இயக்குநர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினார். தலைமைப் பொறியாளர் ஓடினார். இரண்டு மணி நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. துணை இயக்குநர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றவர் ஒரு முடிவுக்கு வந்தார்: எல்லாரும் ஓடியது அந்தச் சொல்லுக்காக.

நீதிபதி ‘தயவுசெய்து’ என்று எழுதியிருந்தாலும் ஓடியிருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. காவல்காரரின் தடியைப் பார்த்துத் திருடன் ஓடினால், அதே போல ஒரு தடி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு ஊர் ஓடும் என்று காத்திருக்கிற ஆள் அவர்.

இப்படிப்பட்ட சொற்கள் அந்த அலுவலகத்தில் எப்படிப் பிறந்து எப்படிச் செத்தன என்பதைத் தபாலக்காவிடம் கேட்டால் தேதியோடு சொல்வாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது சாதாரணக் கடிதம், ‘அர்ஜென்ட்’ கடிதம் என்று இரண்டே வகை. அர்ஜென்ட்டுக்கு மேல் ஒரு மஞ்சள் சீட்டு செருகுவார்கள். நூற்றில் ஐந்து கடிதங்களில் மஞ்சள் இருந்தவரை எல்லாரும் மஞ்சளை முதலில் எடுத்தார்கள். அதைக் கவனித்த பிரிவுகள் தங்கள் கடிதத்துக்கும் மஞ்சள் செருகின. நூற்றில் அறுபது மஞ்சளானதும் மஞ்சளுக்கு மதிப்புப் போயிற்று. உடனே ‘மோஸ்ட் அர்ஜென்ட்’ வந்தது. அது இரண்டு வருடம் உயிரோடு இருந்தது. பிறகு சிவப்புச் சீட்டோடு ‘இம்மீடியட்’. அது எட்டு மாதத்தில் படுத்துவிட்டது. கடைசியில் எழுதுபொருள் அறையில் சிவப்புக் காகிதமே தீர்ந்துபோய், இம்மீடியட் கடிதங்கள் வெள்ளைச் சீட்டோடு போயின.

அவசரம் என்பது ஒப்பீடு. ஒன்று முன்னால் போக வேண்டுமானால் இன்னொன்று பின்னால் நிற்க வேண்டும். எல்லாரையும் வரிசையின் முதல் ஆளாக நிறுத்த எந்தச் சொல்லாலும் ஆகாது. இந்தக் கணக்கு தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவர்களுக்குத் தெரியும். குழாய் போடும் துறையின் துணை இயக்குநருக்குத் தெரியவில்லை.

ஆனால் முன்னால் இருந்தவர்களைவிட இவர் ஒரு படி மேலே போனார். வெறும் சொல்லோடு விடவில்லை. ஒரு முறையையே உண்டாக்கினார். ஃபோர்த்வித் என்று குறித்த ஒவ்வொரு காகிதமும் பச்சைத் தட்டில் வர வேண்டும். பச்சைப் பதிவேட்டில் தனி எண். சம்பந்தப்பட்ட பிரிவு அதற்கு வரைவு எழுதி அவர் அறைக்கு அனுப்ப வேண்டும். மற்றக் கடிதங்களுக்குப் பிரிவுத் தலைவரே கையெழுத்துப் போடலாம். பச்சைக்கு மட்டும் அவர் கையெழுத்து. அதுவும் எண் வரிசைப்படி. எந்தப் பிரிவும் தன் காகிதத்தை நடுவில் நுழைத்துவிடக் கூடாது என்பதற்காக, ‘வரிசை தவறி எந்தக் கோப்பும் எடுக்கப்படாது; எடுத்தால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்’ என்று சுற்றறிக்கையே விட்டார். இயக்குநர் மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாடு கிளம்புமுன் அதைப் படித்துவிட்டு, “நல்ல ஏற்பாடு” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை.

முதல் சில நாள் பிரமாதமாக ஓடியது. அதற்குப் பிறகு எல்லாப் பிரிவும், எல்லாக் கிளை அலுவலகமும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டன. ஒரு நாளைக்கு ஒன்பது பத்து பச்சைக் காகிதங்கள் வந்தன. அவர் கையெழுத்துப் போட்டதோ நாளுக்கு நான்கு. ஏனென்றால் அவர் வெறுமனே கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. உடைந்த வால்வை மாற்றச் சொல்லும் மூன்று வரிக் கடிதத்தை எடுத்து, ஆங்கிலத்தைத் திருத்தி, சுருக்கெழுத்தரைக் கூப்பிட்டு, மறுபடி தட்டச்சு செய்யவைத்து, மறுபடி படித்து, ஒரு காற்புள்ளியை இடம் மாற்றி, பிறகுதான் போடுவார். அந்த நேரமெல்லாம் வால்விலிருந்து தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையைத் தபாலக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்து அவள் மேசை முன்னால் நின்றார். பள்ளி வளாகத்தில் குழாய் உடைந்து பதினொரு நாள். பிள்ளைகள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கக் கடையிலிருந்து குடிக்கத் தண்ணீர் எடுத்து வருகிறார்கள்.

“லெட்டர்ல ஃபோர்த்வித்னு போட்டா சீக்கிரம் நடக்கும்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க மேடம். போட்டேன். பதினோரு நாளாச்சு.”

தபாலக்கா பச்சைப் பதிவேட்டைப் புரட்டினாள். எண் அறுபத்து மூன்று. அன்றைக்குத் துணை இயக்குநரின் கையெழுத்து ஐம்பதில் நின்றுகொண்டிருந்தது.

“டீச்சர், இங்கயே உக்காந்து இன்னொரு லெட்டர் எழுதுங்க. அதே விஷயம். அந்த வார்த்தை மட்டும் வேணாம்.”

“போடாம இருந்தா கவனிப்பாங்களா?”

“போட்டாத்தான் கவனிக்க மாட்டாங்க.”

சொல் இல்லாத கடிதம் பதினொரு மணிக்குப் பராமரிப்புப் பிரிவுக்குப் போயிற்று. பிரிவுத் தலைவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்கு ஆள் போய்க் குழாயை மாற்றிவிட்டான். அலுவலகத்தில் சாதாரணக் கடிதங்கள் குறைந்துபோய், பிரிவுகளில் கை காலியாக இருந்தது; அதனால் சாதாரணமாக வந்தது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே முடிந்தது. நிற்காமல் ஓடியதெல்லாம் சொல் இல்லாத காகிதம். நின்றதெல்லாம் ஃபோர்த்வித்.

ஒரு வாரத்துக்குள் இது கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. உண்மையிலேயே வேலை நடக்க வேண்டுமென்றால் சொல்லை விட்டுவிடுவது, ஒரு விஷயத்தைக் கிடப்பில் போட வேண்டுமென்றால் சொல்லைப் போடுவது என்று ஆயிற்று. தெரியாத ஒரே ஆள் துணை இயக்குநர்தான். தன் அறையில் குவியும் பச்சைக் கோப்புகளைப் பார்த்து, ஊரே தன் சொல்லைப் பேசுகிறது என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கே அந்தச் சொல்லைப் பெயராக வைத்ததும் தபாலக்காதான். “ஃபோர்த்வித் வந்தாச்சா?” “ஃபோர்த்வித் இன்னும் சாப்பாட்டுலேர்ந்து எந்திரிக்கல.” மூன்று மாடியிலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைச் சுருக்கெழுத்தர் கொண்டுபோய் அவரிடம் ஒப்பித்தார், வைத்தது யார் என்பது உட்பட.

மறுநாள் காலை தபால் கட்டைப் பிரித்தபோது அவளுடைய இடமாற்ற உத்தரவு அவள் கையிலேயே விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம், ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்த நீரேற்று நிலையம். கடைசி வரியில், இப்பணியாளர் ஃபோர்த்வித் விடுவிக்கப்பட வேண்டும்.

அவள் அதற்கும் தேதி முத்திரை குத்தினாள். முத்திரை இரட்டையாக விழுந்தது.

வீட்டில் அவள் கணவர் படுத்திருந்தார். லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருடம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். முடிந்து எழுந்தால் தலை சுற்றும். அவள் அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். நீரேற்று நிலையம் இருந்த ஊரில் அந்த இயந்திரம் கிடையாது. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் இயக்குநர் இரண்டு முறை அவளை இடமாற்றப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார். இப்போது இயக்குநர் ஊரில் இல்லை.

“போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்” என்றார் கணவர். “தெரியாம சொல்லிட்டேன் சார்னு.”

“அந்தாளு கிட்டயா? மன்னிப்பு லெட்டர்லயும் இங்கிலீஷ திருத்துவாருங்க.”

“என்னால உன் வேலை போகக் கூடாதும்மா. நான் எப்படியாவது ஆட்டோ புடிச்சு...”

“போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல விழுந்தீங்களே, அப்பவும் ஆட்டோ புடிக்கத்தான் போனீங்க.”

அவர் உத்தரவின் நகலை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். “இந்த வார்த்தைதானே ஒங்க ஆபீஸ்ல ஓடாது?”

அவள் அவரைப் பார்த்தாள்.

“லிப்ட்டுல பாத்திருக்கேன்” என்று அவர் சொன்னார். வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் குரலில் தெம்பு வந்துவிடும். “அவசரக்காரன் பட்டன நாப்பது தடவ அமுக்குவான். லிப்ட்டுக்கு ஒரு தடவ அமுக்கினாலும் நாப்பது தடவ அமுக்கினாலும் ஒண்ணுதான். உள்ள ஒரே ஒரு விளக்கு எரியும், அதோட சரி. ஆனா விடாம அமுக்கிட்டே இருந்தான்னு வை, பட்டன் உள்ள சிக்கிக்கும். அப்புறம் அந்த மாடிய விட்டு லிப்ட் நகராது. கதவு தொறக்கும், மூடும், தொறக்கும், மூடும். அவனே உள்ள நிப்பான், ‘ஏன் போகல, ஏன் போகல’ன்னு.”

தபாலக்கா எழுந்து போய் ஒரு தாளில் கணக்குப் போட்டாள்.

இடமாற்ற உத்தரவு வேறு. விடுவிப்பு ஆணை வேறு. உத்தரவு, நீ அங்கே போ என்கிறது. விடுவிப்பு ஆணைதான், இங்கே உன் வேலை முடிந்தது என்று கதவைத் திறந்துவிடுகிறது. இரண்டாவது வராமல் முதலாவதால் ஒன்றும் ஆகாது. முப்பது நாளுக்குள் விடுவிப்பு ஆணை வராவிட்டால் உத்தரவு காலாவதி. மறுபடி மாற்ற இயக்குநர் கையெழுத்து வேண்டும். சாதாரண உத்தரவாக இருந்தால் விடுவிப்பு ஆணையில் பணியாளர் பிரிவுத் தலைவரே அன்று மாலை கையெழுத்துப் போட்டிருப்பார். அவள் மறுநாள் பஸ் ஏறியிருப்பாள். ஆனால் இது ஃபோர்த்வித். பச்சைத் தட்டு. பதிவேட்டு எண் முந்நூற்றுப் பதினெட்டு. அவர் கையெழுத்து அன்றைக்கு நூற்று இருபத்தொன்றில் இருந்தது. முப்பது நாளில் வேலை நாள் இருபத்தொன்று. நாளுக்கு நான்கு என்றால் எண்பத்து நான்கு. இருநூற்றைந்தோடு நாள் முடிந்துவிடும்.

ஒரு குறுக்கு வழியும் வேண்டியதில்லை. காகிதத்தை ஒளிக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம். அவர் எழுதிய விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால் போதும். அப்படிக் கடைப்பிடிப்பதைவிடப் பெரிய அவமரியாதையை அவள் அவருக்குச் செய்திருக்க முடியாது.

இருந்தாலும் அந்த நாட்களில் அவள் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. தினமும் காலையில் அவர் அறையிலிருந்து வெளியே வரும் கோப்புகளை எண்ணினாள். ஒரு நாள் மூன்று. ஒரு நாள் ஐந்து; அன்றைக்குக் கணக்குத் தாளை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தாள். ஒரு நாள் ஒன்றே ஒன்று; ‘தண்ணீர்த் தொட்டி’ என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல் பொருத்தம் என்று மாலைவரை யோசித்தாராம். அந்த மனிதரின் முட்டாள்தனத்தை நம்பித் தன் கணவரின் உயிர் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேல் வைத்திருந்த அலட்சியத்துக்குள்ளேயே இப்போது அவருடைய மந்தபுத்தி நீடூழி வாழ வேண்டுமென்ற வேண்டுதலும் சேர்ந்திருந்தது.

இருபத்தெட்டாம் நாள் மதியம் அவர் மாடிப்படியில் அவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டார்.

“நீங்க இன்னும் இங்க என்ன பண்றீங்க?”

“வேலை பாக்கறேன் சார்.”

“ஒங்கள ரிலீவ் பண்ணலியா?”

“இன்னும் இல்ல சார்.”

அவர் முகம் சிவந்தது. அவளையும் அழைத்துக்கொண்டு நேராகப் பணியாளர் பிரிவுக்குப் போனார். ஆமையண்ணன் எழுந்து நின்றார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“இவங்க ரிலீவிங் ஆர்டர் எங்க?”

“ஒங்ககிட்டதான் சார் இருக்கு.”

“என்கிட்டயா?”

“உத்தரவு வந்த அன்னிக்கே வரைவு எழுதி அனுப்பிட்டேன் சார். பச்சைத் தட்டு. முந்நூத்திப் பதினெட்டு. நீங்க இப்ப இருநூத்தி மூணுல இருக்கீங்க.”

“வரிசையெல்லாம் இருக்கட்டும், அத மட்டும் உருவி எடு.”

“எடுக்கறேன் சார்.” ஆமையண்ணன் இழுப்பறையைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்து மேசைமேல் பரப்பினார். “ஆனா வரிசை தவறி எடுத்தா காரணத்த பதிவேட்டுல எழுதி நீங்க கையெழுத்துப் போடணும்னு ரூல் போட்டிருக்கீங்க சார். டைரக்டர் வந்ததும் அந்தப் பதிவேட்டத்தான் பாப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

துணை இயக்குநர் தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார். பட்டப்பெயர் வைத்தாள் என்று பதிவேட்டில் காரணம் எழுத முடியாது. “சரி. நான் ஒரு நினைவூட்டல் தரேன்.” அங்கேயே ஒரு தாளை வாங்கி எழுதினார்: முந்நூற்றுப் பதினெட்டின்மீது ஃபோர்த்வித் நடவடிக்கை எடுக்கவும். நீட்டினார்.

ஆமையண்ணன் வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு அன்று எண் போடத் தன் மேசைக்கு வந்திருந்த பச்சைப் பதிவேட்டை இழுத்து, ஐந்நூற்று நான்கு என்று எண் போட்டார்.

“என்ன பண்றீங்க?”

“இதுலயும் அந்த வார்த்தை இருக்கே சார். இதுவும் தட்டுலதான் வரணும்.”

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. தபாலக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப இது நடக்க என்னதான்யா வழி?” என்று அவர் கத்தினார்.

ஆமையண்ணன் தலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வதைத் தவிர வேறெதையும் இருபத்தைந்து வருடத்தில் அவர் கற்றுக்கொள்ளவில்லை. “ரொம்ப சுலபம் சார். இதையே அந்த வார்த்தை இல்லாம எழுதிக் குடுங்க. சாதாரணக் காகிதம் ஆயிடும். எங்க பிரிவுத் தலைவரே கையெழுத்துப் போட்டுடுவாரு. அரை மணி நேரத்துல இவங்கள ரிலீவ் பண்ணிடலாம்.”

தபாலக்கா ஆமையண்ணனை முறைத்தாள். அடப்பாவி மனுஷா! துணை இயக்குநருக்கு மட்டும் தெரியாமல் இரண்டு மாதம் ஓடிய ரகசியத்தை, பஸ் வழி சொல்வது போலச் சொல்லிவிட்டாரே.

துணை இயக்குநர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எழுதினார். அவள் இருந்த இடத்திலிருந்து பேனா நகர்வது தெரிந்தது. அவள் பெயர். பதவி. இப்பணியாளர் விடுவிக்கப்பட வேண்டும் என்று ஆங்கிலத்தில் நான்கு சொற்கள். நான்காவது சொல்லுக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி. அவ்வளவுதான் வேண்டியது. ஒரு புள்ளி வைத்தால் நாளை அவள் பஸ்ஸில். நாளை செவ்வாய்; கணவர் ஆஸ்பத்திரி வாசலில் தனியாக.

பேனா நின்றது.

அறையில் பன்னிரண்டு பேர் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் நிமிர்ந்து பார்த்தார். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி மரியாதை. ஒரே மாதிரியான, துடைத்து வைத்த மரியாதை. அந்த ஒரு நொடியில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சொல்லை விட்டுவிட்டு எழுதினால், தன் சொல்லால் எதுவும் நடக்காது என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்ற அளவுக்காவது புரிந்திருக்க வேண்டும்.

புள்ளி வைக்காமல் அவர் தொடர்ந்து எழுதினார். எழுதி முடித்து, அடியில் கோடு போட்டு, தாளை மேசைமேல் அடித்து வைத்துவிட்டுப் போனார்.

ஆமையண்ணன் எடுத்து உரக்கப் படித்தார். “மோஸ்ட் ஃபோர்த்வித்.”

பன்னிரண்டு பேரும் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்தார்கள். பிறகு அந்த அறை சிரித்த சிரிப்பில் மேல்மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தபாலக்காவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஏண்ணே, என் தலையில கல்லத் தூக்கிப் போடப் பாத்தீங்களே!”

“அவரு கேட்டாரு, நான் சொன்னேன். உண்மைய சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கா தங்கச்சி?”

“அவரு புள்ளிய வச்சிருந்தா?”

“வச்சிருந்தா நீ போயிருப்பே.” ஆமையண்ணன் பதிவேட்டில் ஐந்நூற்று ஐந்து என்று எழுதிக்கொண்டே சொன்னார். அவருக்கு நன்றி சொல்வதா, மேசையில் இருந்த மைப்புட்டியைத் தலையில் கவிழ்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் தன் அறைக்குப் போனாள்.

இருபத்தொன்பதாம் நாள் முழுவதும் அவர் ‘மோஸ்ட் ஃபோர்த்வித்’ கோப்புகளுக்கு எந்த நிறத் தட்டு வைப்பது என்று எழுதுபொருள் அறைக்காரரோடு ஆலோசனை நடத்தினார். நீலம் என்று முடிவாயிற்று. நீலத் தட்டு கடையில் இருப்பு இல்லை. முப்பதாம் நாள் இரண்டு கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தோராம் நாள், வியாழக்கிழமை. பத்து மணிக்குத் தபாலக்கா விதிப்படி ஒரு கடிதம் எழுதினாள். இன்ன எண் இடமாற்ற உத்தரவு, உரிய காலத்தில் விடுவிப்பு ஆணை வராததால் காலாவதியானது, தகவலுக்காக. மூன்றே வரி. பணியாளர் பிரிவுத் தலைவர் பத்தேகாலுக்குக் கையெழுத்துப் போட்டார். பத்தரைக்குக் கடிதம் துணை இயக்குநரின் மேசையில் இருந்தது.

பத்து நாற்பதுக்கு அவளைக் கூப்பிட்டனுப்பினார். சுற்றிலும் இடுப்பளவு உயரத்துக்குப் பச்சைக் கோப்புகள். நடுவில் அவர் தலை மட்டும் தெரிந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பழக்கத்தில் பேனாவைத் திறந்து, எங்கே திருத்தலாம் என்று தேடினார். திருத்த ஒன்றும் அகப்படவில்லை.

“இவ்வளவு முக்கியமான லெட்டர். இதுல ஏன் ஃபோர்த்வித் போடல?”

“இன்னிக்கே ஒங்க கைக்கு வரணும்னுதான் சார்” என்றாள் தபாலக்கா.

ஒரு மணி நேர அனுமதிச் சீட்டையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். வெள்ளைச் சீட்டு. அதை அவர் முன்னால் வைத்தாள். அவர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.